அடுத்த பத்து நொடி

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வடிவின் தம்பி செந்தூரான் ஒரு மின்னணுப் படச்சட்டத்தைச் சுவரில் மாட்டினான். எந்தப் புகைப்படத்தைக் கொடுத்தாலும் அதற்கு அடுத்த பத்து நொடியை அதுவே இட்டுக்கட்டி ஓட்டிக்காட்டும்; வாயால் சொன்னால் சொன்னபடி மாற்றியும் காட்டும். அவன் கொடுத்த படத்தில் அம்மாவும் அப்பாவும் புது வீட்டு வாசலில் நின்றார்கள். அப்பாவின் கை அம்மாவின் தோளில் இருந்தது. சட்டத்துக்குள் அம்மா மெல்லச் சிரித்து அவர்மீது சாய்ந்தாள். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன் அந்தப் படத்தை எடுத்தவள் வடிவுதான். அம்மா அந்தக் கையைத் தட்டிவிடப் போகிறாள் என்று தெரிந்து, அப்பாவின் மானத்துக்காக ஒரு நொடி முந்திக் கேமராவை அமுக்கிவிட்டாள். பின்னாளில் சினிமாவில் ஒளிப்பதிவாளரானபோது, ஷாட்டை எங்கே நிறுத்துவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்று அவள் நிறுத்திய இடத்திலிருந்துதான் இந்தப் பொய் கிளம்பியிருந்தது.

ஸ்டூலில் ஏறி, அன்று நடந்ததை நடந்தபடியே சட்டத்துக்குச் சொன்னாள்.

“யக்கா, அதைப் பாத்துத்தான் அப்பா ரெண்டு வாய் சாப்பிடுதாவ. உன் சினிமாவ இங்க காட்டாத.”

“அம்மையச் சிரிக்க வைக்க நீ யாருல?”

சுவரில் அம்மா தோளிலிருந்த கையைத் தட்டிவிட்டாள். விடுவிடுவென்று நடந்து படத்தை விட்டே வெளியேறினாள். வாசலில் அப்பா மட்டும் நின்றார்.

அப்பா சோற்றுக் கையோடு எழுந்து வந்து பார்த்தார்.

“இவதாம்ளா உங்க அம்மை,” என்றார். “இன்னொருக்க ஓட்டு.”