ஆள்காட்டிக் குஞ்சுகள்

“மழை விட்டுடுச்சாம்மா? புல்வெளிக்குப் போயிட்டியா?”

“அங்கேருந்துதான் பேசறேன்ப்பா” என்றாள் எழிலரசி.

இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகச் சென்னையில் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார் அப்பா ஆதிமூலம். கண்டக்டராக இருந்த காலத்தில், மழை விட்ட காலையென்றால் அடி அண்ணாமலைக்கு அப்பாலுள்ள அந்தப் புல்வெளியில் பைனாகுலரோடுதான் நிற்பார்.

“என்னென்ன வந்திருக்குது?”

“ஈசல் ஜாஸ்தி கிளம்பியிருக்குதுப்பா. கரிச்சான் பறந்து பறந்து பிடிக்குது.”

“ஆள்காட்டி குஞ்சு பொரிச்சிருக்குமே?”

“நாலு குஞ்சு. தாய் பின்னாடியே ஓடுதுங்க.”

“வானம்பாடி?”

“இப்பதான் பாடிக்கிட்டே மேல போச்சு.”

அப்பா சிரிப்பது கேட்டது. எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதிரே புல்லே இல்லை. செம்மண் கொட்டி நிரவி, மனைக்கு மனை மஞ்சள் கல் நட்டிருந்தார்கள்.

“எழிலு...” அப்பாவின் குரல் தணிந்தது. “அங்க பிளாட் போட்டுட்டாங்கனு என்கூட வேலை செஞ்ச மணி போன மாசமே சொல்லிட்டான்ம்மா.”

“தெரிஞ்சுமாப்பா கேட்டீங்க?”

“நீ சொல்லும்போது எல்லாம் கண்ணுல தெரியுது. நிறுத்தாத, சொல்லு.”

எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். இனிப் பொய் தேவைப்படவில்லை.

“எனக்கு எட்டு வயசுப்பா. உங்க தோள்மேல உட்கார்ந்திருக்கேன். கௌதாரியப் பார்த்து நான் கத்தினதுல மொத்தக் கூட்டமும் பறந்துடுச்சு. நீங்க திட்டவே இல்ல.”

“திட்டினா அடுத்த மழைக்கு நீ வரமாட்டியே, அதான்” என்றார் அப்பா.