பேட்டரி அக்கா மறுத்த காலை

இரவெல்லாம் பனி கொட்டிய ஓர் ஊரில், ஒரு சின்னக் காருக்குள் பேட்டரி குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் செழியன் ஓடிவந்தான். பிரசவ வலியில் துடித்த மனைவியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினான்.

சாவி பாதி திரும்பியதுமே வழக்கம்போல ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள்.

"அக்கா, கண்ணாடியெல்லாம் பனி. முதல்ல எனக்குக் கொடு" என்றது ஹீட்டர்.

"பாட்டு இல்லாம வண்டி கிளம்பினா நல்லாவாக்கா இருக்கும்?" என்றது ரேடியோ.

இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத பேட்டரி, இருந்ததைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். என்ஜினைச் சுழற்றும் நேரம் வந்தபோது அவளிடம் மிஞ்சியது 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான்.

பின்சீட்டில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பேட்டரிக்குச் சுருக்கென்றது. யாருக்கும் பங்கு கொடுக்காவிட்டால், இன்னும் ஒரே ஒரு தடவைக்குத் தெம்பு தேறும்.

"இப்போ யாருக்கும் எதுவும் கிடையாது. என்ஜின் எழுந்த அப்புறம் வயிறாரச் சாப்பிடுங்க."

"அடேயப்பா, அக்காவுக்கு வாய் முளைச்சிருச்சு!" என்றது ரேடியோ.

"ஆமா, முளைச்சிருச்சு. நீ உன் வாயை மூடு."

சாவி மறுபடி திரும்பியது. பேட்டரி இருந்த தெம்பையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் கொடுத்தாள். என்ஜின் இருமியது, திணறியது, பிறகு உறுமிக்கொண்டு எழுந்தது. ஹீட்டர் ஊத, கண்ணாடிப் பனி உருக, கார் வழுக்கும் சாலையில் மெல்ல ஊர்ந்தது.

பாதி வழியில் ரேடியோ தயங்கித் தயங்கிக் கேட்டது: "அக்கா, உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

அவளை இதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை.

"முதல்ல ஆஸ்பத்திரி" என்றாள் பேட்டரி. "அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."