முன்பக்கக் கேமரா

காலையில் வெளியான புது டேப்லெட்டுகளில் வருவோர் போவோரின் விரல் ரேகை படியப் படிய, விற்பனையாளன் துடைத்துக்கொண்டே இருந்தான். தலையில் துணி சுற்றிய ஒரு பெண் நிலைகொள்ளாமல் அவன் எதிரே நின்றாள்.

“திரை பளிச்சுனு இருக்கணும் தம்பி. முன்னாடி இருக்கிற கேமரா மட்டும் மோசமா இருக்கணும்.”

அவன் சிரித்துவிட்டான். “அந்தக் கேமராவுக்குத்தானேக்கா இந்த விலையே! முகத்துல ஒரு மச்சம்கூடத் தப்பாது.”

“ஐயோ, வேண்டாம். மலிவானது?”

“பாதி விலைதான். ஆனா அதுல திரையும் சேர்ந்து மங்கல்.”

அவள் கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. பதறிப்போய்த் துண்டித்தாள்.

“யாருக்கா, வீட்டுக்காரரா?”

“என் பொண்ணு. வெளியூர்ல படிக்கிறா. நாளன்னைக்குக் கடைசிப் பரீட்சை. போன்ல கேமரா கெட்டுப்போச்சுன்னு பத்து நாளா சமாளிக்கிறேன். இன்னிக்கு முகம் காட்டலேன்னா, பரீட்சையை விட்டுட்டுக் கிளம்பி வந்துடுவா.”

தலைத்துணியைச் சற்றே விலக்கினாள். ஒரு முடிகூட இல்லை. பென்சிலால் வரைந்த புருவம் வியர்வையில் கலைந்திருந்தது.

“சிகிச்சை விஷயம் அவளுக்குத் தெரியாது. அவ முகத்தை நான் தெளிவாப் பார்க்கணும் தம்பி. என் முகம்தான்...”

விற்பனையாளன் விலை உயர்ந்ததையே எடுத்தான். துடைக்கும் துணியைக் கீழே வைத்தான். கட்டைவிரலைத் தன் மூக்கில் நன்றாகத் தேய்த்து, முன்பக்கக் கேமராவின் மேல் அழுத்தினான்.

“பரீட்சை முடியறவரைக்கும் இதைத் துடைச்சிடாதீங்கக்கா.”