படகுக்கு ஓர் இடுப்புப் பாய்

மீன் வெட்டும் கத்தியால் மாமனார் வீட்டு இடுப்புப் பாயில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் முன் மரியாதைக்காக நாங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கோரைப் பாய் அது.

"அடிப்பாவி! எங்க தாத்தா கல்யாணத்துக்குக் கட்டின பாய்டி அது!"

வாசலில் என் நாத்தனார் லவினியா. எங்கள் தீவில் அக்கா வாய் திறந்தால் தம்பி தலை குனிய வேண்டும். தம்பி பெண்டாட்டி எம்மாத்திரம்?

"இல்ல அண்ணி, படகோட புகைக்குழாய்க்கு..."

"படகுக்குப் பாய் கட்டணும்னு ஊரே கூடி முடிவு பண்ணியிருக்கு. நீ அதுல ஓட்டை போடுறியா?"

முடிவு பண்ணியது உண்மைதான். தலைநகரிலிருந்து பெரிய போதகரின் மனைவி வருகிறார். அழைத்துவரப் போவது என் கணவர் செமிசியின் படகு. எஞ்சின் ஓடும்வரை அது பின்பக்கக் குழாய் வழியாக சர், சர்ரென்று தண்ணீர் துப்பிக்கொண்டே இருக்கும்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் பௌலியாசிக்கு அதுதான் கவலை.

"பெரிய இடத்து அம்மா முன்னாடி படகு ஒண்ணுக்குப் போனா நம்ம மானம் என்னாகும்? குழாயை அடைச்சிடு, செமிசி."

"ஐயா, கடல் தண்ணிதான் உள்ளே போய், சூட்டுப் புகையைக் குளிர வெச்சு, அதோட சேர்ந்து வெளியே வருது. அடைச்சா ரப்பர் குழாய் எரிஞ்சுடும். அப்புறம் எஞ்சின். அப்புறம் எங்க பொழப்பு."

"அப்போ மூடு. பெரியவங்க முன்னாடி நாம இடுப்புல பாய் கட்டலையா? படகும் கட்டட்டும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். செமிசியும் தட்டினார். தலைவர் எதிரில் அவருக்கு அதற்குமேல் வாய் வராது. எனக்கு யார் எதிரிலும் வராது. ஆனால் பாய் நனைந்து குழாயில் ஒட்டினால் அடைத்த மாதிரிதானே? அதனால்தான் கத்தி.

"மரியாதை தெரியாதவ. ஊருக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்று அண்ணி போய்விட்டார்.

குழாய்க்கு நேரே ஓட்டை வரும்படி பின்பக்கம் பாய் கட்டிப் போன படகு, மதியம் போதகரம்மாவோடு வந்தது. கரையில் பாண்டு வாத்தியம், பூமாலை, சுட்ட பன்றி. செமிசி படகைத் திருப்பிப் பின்பக்கமாகத் துறையில் அணைத்தார்.

பாயின் நட்டநடுவிலிருந்து, ஊரே பார்க்க, சர்ர்ர்!

வாத்தியம் நின்றது.

"யார் வெட்டினது?" தலைவர் கத்தினார். அண்ணி என்னைக் காட்டினார். "செமிசி, இனிமே இந்தத் துறையில உன் படகு நிக்கக் கூடாது!" என்றார் தலைவர்.

போதகரம்மா இறங்கினார். பல்லைக் கடித்திருந்தார். படகின் பின்பக்கத்தையே முறைத்தார். உதடு நடுங்கியது.

போச்சு என்று நினைத்தேன். என் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஓட்டை போட்டது நான்தான். அது அடக்கிக்கிட்டே வந்தா உள்ளே வெந்துடும், அதனால..."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"படகைக் கவனிக்கவாவது ஒருத்தி இருந்தாளே! காலையிலேர்ந்து போற இடமெல்லாம் மரியாதை மரியாதைன்னு இளநீரா ஊத்தினாங்க. கக்கூஸ் எங்கேன்னு ஒருத்தரும் காட்டலை. உன் வீடு எந்தப் பக்கம்? சீக்கிரம் நடம்மா!"