அட்டவணைக்குக் கீழே

“டேபிளும் எழுத்தும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு,” என்றான் ஜெரோம். பொம்மனஹள்ளி வீட்டு சோபாவில், அவன் மடியில் லேப்டாப் இருந்தது.

“ரெண்டு என்டர் தட்டினா முடிஞ்சுது,” என்றாள் அவன் மனைவி பெனிட்டா.

“அது சரியா வராது. டேபிள் ப்ராபர்ட்டீஸ்ல போய் நாலு பக்கமும் இடம் விடணும்.”

அரை சென்டிமீட்டர் விட்டான். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. அட்டவணை தாளின் நடுவே தனியாக நின்றது. பெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீஸில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் தயாரிப்பவன், இந்தப் பத்து வரித் தாளோடு காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறான்.

“ஷெரினோட டான்ஸ் கிளாஸையும் டேபிள்ல போட்டுட்டியா?”

“போட்டேன். பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக நீ, டான்ஸுக்கு நான்.”

“அப்புறம் என்னத்த நோண்டிக்கிட்டே இருக்க? பிரிண்ட் குடு.”

“இரு, கீழேயும் கொஞ்சம் விட்டுக்கறேன்.”

பெனிட்டாவின் போன் அடித்தது. வக்கீலம்மா.

“ரெடியாம்மா? டைவர்ஸ் மனுவோட சேர்க்கணும். குழந்தை எந்தெந்த நாள் யார்கிட்ட இருக்கும்ங்கிற டேபிளும், உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே பக்கத்துல வரணும். அவ்வளவுதான்.”

பெனிட்டா திரையைப் பார்த்தாள். அட்டவணைக்குக் கீழே வெறும் வெள்ளை. கையெழுத்துக்கான இரண்டு கோடுகளும் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தன. ஜெரோம் நிமிரவே இல்லை.

“இன்னும் ஒரே பக்கத்துல வரல மேடம்,” என்று சொல்லி போனை வைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

“மேலேயும் இடம் பத்தலையே,” என்றாள்.