ராஜாவின் விட்டுப்போன பக்கம்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இணைய வகுப்பில் ஒரு பழைய துன்பியல் நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாடகத்தில் இறப்பவர் கேமராவை அணைத்துவிட வேண்டும் என்பது எஸ்தர் டீச்சர் வைத்த விதி. ராஜாவாக வாசித்த ஹாரூன் இறந்தான். திரையில் அவன் கட்டம் கறுப்பானது. அடுத்து ராஜாவின் மகள் அழ வேண்டும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி அந்தப் பாத்திரம் சுபிக்‌ஷாவுக்கு விழுந்திருந்தது. அவளுடைய அப்பா போன மாதம்தான் இறந்தார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. சுபிக்‌ஷா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"மைக்கைப் போடுடி" என்றாள் ஒருத்தி. மைக் திறந்துதான் இருந்தது.

ஹாரூனின் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. "ஸாரி மிஸ், ராஜா இன்னும் சாகல. நான் ஒரு பக்கத்தைத் தாண்டிட்டேன்."

"செத்தவன் எப்படிடா பேசுவான்?" என்று யாரோ சிரித்தார்கள்.

"பேச வேண்டியது பாக்கி இருக்குடா."

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். விட்டுப்போன பக்கம் எதுவும் இல்லை. மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, "வாசிப்பா" என்றார்.

ஹாரூன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மகளே, நீ சாப்பிட்டாயா?"

சுபிக்‌ஷா தன் பதிலைப் புத்தகத்தில் தேடினாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "இல்லப்பா, இனிமேதான்" என்றாள்.