ஏணியைப் பிடித்த போலீஸ்காரர்

"டேய் செகோந்தோ! மார்ச்சுல முடிச்சுத் தர்றேன்னு சொன்ன வேலைடா இது. செப்டம்பரே முடியப் போகுது!"

ஒரியேத்தா வாசலில் நின்று போட்ட சத்தம் போர்கோ மஜோரேவின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டார்கள்.

கூரை ஓரத்தில் மழைத்தண்ணிக் குழாயை மாட்டிக்கொண்டிருந்த செகோந்தோ திரும்பிப் பார்த்தான். பிளம்பர் வேலையில் கெட்டிக்காரன். சாக்கு சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"வர்ற நிலைமையிலயாக்கா நான் இருந்தேன்? உனக்குத் தெரியாதா?"

"உன் நிலைமை ஊருக்கே தெரியும். ஆணியை நேரா அடி!"

உள்ளே, நல்ல சோபாவில், மிலானிலிருந்து வந்த கிளெலியா அம்மாள் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே மகன் ரிக்கார்தோ, கட்டினால் ஒரியேத்தாவின் மகள் நோயெமியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெண் வீட்டைப் பார்த்து, சரியா வேண்டாமா என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் போவதாக ஏற்பாடு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நோயெமி நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

கிளெலியாவுக்கு வந்ததிலிருந்தே எதுவும் பிடிபடவில்லை.

"கைப்பையில சீப்பைத் தேடி எடுக்கறதுக்குள்ள இத்தாலி எல்லையைத் தாண்டி, மலையேறி, உங்க வாசல்ல வந்து நின்னுட்டோம். இவ்வளவுதானா நாடு?"

"சின்னதுதாங்க," என்றாள் ஒரியேத்தா, உள்ளே வந்து கேக்கை நறுக்கிக்கொண்டே. "ஆனா சுத்தி இருந்த பெரிய பெரிய நாடெல்லாம் எத்தனை ராஜா கையில மாறிச்சு! எங்க மலையில ஒரு ராஜாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை."

"இந்தக் கையளவு சான் மரினோவுக்கு ரெண்டு தலைவராமே? எதுக்கு?"

"ஒருத்தருக்குத் தலைக்கனம் ஏறினா இறக்கிவிட இன்னொருத்தர் வேணும்ல?"

கிளெலியா உதட்டோடு சிரித்தாள். "எங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு உதவி மந்திரியே வந்தார். போட்டோவைப் பெரிசாக்கி ஹால்ல மாட்டியிருக்கோம். இந்தக் கல்யாணத்துக்கும் வருவார். உங்க பக்கத்துல பெரிய மனுஷங்க யாரு வருவாங்க?"

ஒரியேத்தா கொஞ்சம் யோசித்தாள்.

"செகோந்தோ வருவான்."

"யாரு, கூரை மேல இருக்கிற ஆளா?"

கிளெலியா எழுந்து ஜன்னலருகே போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். சீருடை போட்ட போலீஸ்காரர் ஒருவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செகோந்தோ மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றார். தெருமுனையில் கறுப்புக் கார். அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு போலீஸ்காரர்.

"ஏங்க, போலீஸ் ஏன் ஏணியைப் பிடிச்சிட்டு நிக்குது?"

"அவன் எங்க போனாலும் கூடவே வருவாங்க. பாவம், அது அவங்க வேலை."

"எவ்வளவு காலமா?"

"ஏப்ரல்லேர்ந்து. மொத்தம் ஆறு மாசம். வர்ற ஒண்ணாம் தேதியோட முடியுது."

கிளெலியா மோதிரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்படிப்பட்டவனையா வீட்டு மேல ஏத்தியிருக்கீங்க? பயமா இல்ல?"

"பயமா? அவனுக்குத்தாங்க என்கிட்ட பயம்!"

"இதோ பாருங்க ஒரியேத்தா. நாடு சின்னது, பொறுத்துக்கிட்டேன். வீடு சின்னது, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா இந்த ஆளை எங்க உதவி மந்திரி பக்கத்துல பந்தியில உட்கார வைப்பீங்கன்னா, இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. "அம்மா, சொல்லிடும்மா!" என்று அழுகைக் குரல் வந்தது.

ஒரியேத்தா கத்தியைக் கீழே வைத்தாள். "எதைச் சொல்றது? எங்க தெருவுல பொறந்த பையன், என் பொண்ணு கல்யாணத்துக்கு வருவான். அவனை வராதேன்னு சொல்லி ஒரு சம்பந்தம் எனக்கும் வேண்டாங்க."

எதிர்வீட்டு ஜன்னல்கள் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தன.

அதற்குள் செகோந்தோ இறங்கி, சமையலறைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து நின்றான்.

"முடிஞ்சுதுக்கா. இனிமே ஒரு சொட்டு உள்ள வராது. கோபம் போச்சா?"

"மழை பெய்யட்டும், சொல்றேன்."

பின்னாலேயே வந்த போலீஸ்காரர் குதிகால்களைச் சேர்த்து நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"மேதகு தலைவர் அவர்களே! பிரெஞ்சுத் தூதர் அரசு மாளிகைக்கு வந்துட்டார். இன்னொரு தலைவர்தான் அவருக்குப் பேச்சுக் கொடுத்துச் சமாளிச்சிட்டிருக்கார்."

"இதோ வந்துட்டேன்," என்ற செகோந்தோ, ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கிளெலியாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஓடினான்.

கிளெலியா சோபாவைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். "நாட்டுத் தலைவரையா... ஏணியில ஏத்தினீங்க?"

"ஏறாம என்ன செய்வான்? எங்க ஊர்ல தலைவர் பதவி ஆறு மாசம்தான், ஒண்ணாம் தேதி முடியுது. முடிஞ்சதும் மூணு நாளைக்கு, தலைவரா இருந்தவர் மேல யார் வேணா புகார் கொடுக்கலாம். அது எங்க சட்டம். முதல் ஆளா நான்தான் நிப்பேன்னு நேத்து அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லியனுப்பினேன்."

கிளெலியா கைப்பையைத் திறந்து மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சம்பந்தி, கல்யாணத்தை ஒண்ணாம் தேதிக்குள்ள வச்சுக்க முடியுமா?"